வட்டமல்லாத வைரங்களில் வெட்டின் தரத்தைப் பார்ப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வைரம் வாங்க வருபவர்கள் நிறம், தூய்மை, எடை ஆகிய மூன்றையும் பற்றி நன்றாக விசாரித்துக்கொண்டு வருகிறார்கள். வெட்டு என்று வந்ததும், சான்றிதழில் எக்சலன்ட் என்று இருக்கிறதா என்ற ஒரே கேள்வியோடு நின்றுவிடுகிறார்கள். வட்டக் கல்லுக்கு அந்தக் கேள்வி ஓரளவு உதவும். ஓவல் (முட்டை), பேர் (நீர்த்துளி), பிரின்சஸ் (கூர்மூலைச் சதுரம்), எமரால்ட் (மூலை சீவிய செவ்வகம்), குஷன் (மூலை உருண்ட சதுரம்) போன்ற வடிவங்களில் அது கிட்டத்தட்ட எதையுமே சொல்லாது. கற்களைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்கும் வேலையில் பல ஆண்டுகளாக இருப்பவன் என்ற முறையில், என்னிடம் மீண்டும் மீண்டும் கேட்கப்படும் கேள்விகளுக்கான விடைகளை இங்கே எழுதிவைக்கிறேன்.

வெட்டு என்பதும் வடிவம் என்பதும் ஒன்றுதானே?

இல்லை. கடைகளில் பிரின்சஸ் கட், எமரால்ட் கட் என்று பெயர் வழங்குவதால் இந்தக் குழப்பம் வருகிறது. வடிவம் என்பது மேலிருந்து பார்க்கும்போது தெரியும் வெளிக்கோடு மட்டுமே: வட்டம், முட்டை, நீர்த்துளி, சதுரம் என்பவை எல்லாம் வடிவங்கள். வெட்டின் தரம் என்பது அந்த வெளிக்கோட்டுக்குள் பட்டைகள் எந்தக் கோணத்தில், எவ்வளவு ஒழுங்காக, ஒன்றுக்கொன்று எந்த விகிதத்தில் தீட்டப்பட்டிருக்கின்றன என்பதாகும். ஒரே வடிவம், ஒரே நிறம், ஒரே எடை கொண்ட இரண்டு ஓவல் கற்களில் ஒன்று டாலடிக்கும். மற்றொன்று கண்ணாடித் துண்டு போல் கிடக்கும். அந்த வேறுபாடு முழுவதும் பட்டை தீட்டியவரின் கையிலிருந்து வந்தது.

இனி வரும் விடைகளுக்காகச் சில பெயர்களைத் தெரிந்துகொள்வது நல்லது. கல்லின் உச்சியிலுள்ள பெரிய தட்டையான பட்டை டேபிள். டேபிளைச் சுற்றிச் சரிந்து இறங்கும் மேல்பகுதி கிரவுன். கல்லின் அகலமான இடுப்புப் பகுதி கர்டில். அதற்குக் கீழே கூம்பாகச் சரியும் பகுதி பெவிலியன். எல்லா வடிவங்களுக்கும் இந்தப் பெயர்கள் பொதுவானவை.

கோணத்துக்கும் மினுமினுப்புக்கும் என்ன தொடர்பு?

வைரத்தின் ஒளிவிலகல் எண் 2.417. இதனால், கல்லுக்குள் நுழைந்த ஒளி ஒரு பட்டையின் செங்குத்துக் கோட்டிலிருந்து 24.4 பாகைக்கு மேற்பட்ட சாய்வில் வந்து மோதினால், வெளியேற முடியாமல் முழுவதுமாக உள்ளேயே திரும்பிவிடும். பெவிலியன் பட்டைகளைச் சரியான கோணத்தில் தீட்டினால், மேலிருந்து நுழைந்த ஒளி ஒரு பக்கத்தில் மோதி, எதிர்ப்பக்கத்தில் மோதி, மீண்டும் மேல்வழியாகவே கண்ணுக்கு வந்து சேரும். கோணம் தட்டையாகிவிட்டால் அந்த ஒளி அடிப்பக்கமாக ஒழுகிப்போகும். மிகவும் செங்குத்தாகிவிட்டால் முதல் பட்டையில் திரும்பிய ஒளி எதிர்ப்பட்டை வழியே வெளியேறிவிடும். இரண்டிலும் நமக்குத் தெரிவது ஒளியில்லாத இடம்தான்.

பட்டை தீட்டும் குடும்பத்தில் பிறந்த மார்செல் டோல்கோவ்ஸ்கி 1919-இல் வட்டக் கல்லுக்கு இந்தக் கணக்கைப் போட்டு வெளியிட்டார். டேபிள் கல்லின் விட்டத்தில் 53 விழுக்காடு, கிரவுன் கோணம் 34.5 பாகை, பெவிலியன் கோணம் 40.75 பாகை என்பவை அவர் கண்ட அளவுகள். ஒரு நூற்றாண்டு கடந்த பின்பும் நல்ல வட்டக் கற்கள் அந்த எண்களைச் சுற்றித்தான் நிற்கின்றன. வட்டத்துக்கு எல்லாப் பக்கமும் ஒன்றே என்பதால் ஒரே கோணத்தைச் சொல்லி முடித்துவிட முடிந்தது. நீளமும் அகலமும் வேறுபடும் கல்லில் அப்படி ஒரே எண்ணைச் சொல்ல வழியில்லை. இந்தப் பக்கத்தில் பேசப்படும் சிக்கல்களில் பெரும்பாலானவை இங்கிருந்துதான் தொடங்குகின்றன.

என் ஓவல் கல்லின் ஜிஐஏ சான்றிதழில் எக்சலன்ட் என்று இரண்டு இடங்களில் இருக்கிறது. அது வெட்டின் தரம் இல்லையா?

அது மெருகுக்கும் சமச்சீருக்கும் தரப்பட்ட மதிப்பு. ஜிஐஏ எனப்படும் அமெரிக்க ரத்தினவியல் நிறுவனம், 70,000-க்கும் மேற்பட்ட பார்வைச் சோதனைகளை நடத்திய பிறகு, 2006 முதல் வட்டக் கற்களுக்கு எக்சலன்ட் தொடங்கிப் புவர் வரை ஐந்து நிலைகளில் ஒட்டுமொத்த வெட்டுத் தரத்தை அச்சிட்டு வருகிறது. அந்த ஒட்டுமொத்தத் தரம் வட்டக் கல்லுக்கு மட்டுமே உரியது. மற்ற வடிவங்களின் அறிக்கையில் மெருகு, சமச்சீர் என்ற இரண்டு வரிகள் மட்டுமே இருக்கும். மெருகு என்பது பட்டைகளின் மேற்பரப்பில் தீட்டுக் கோடுகள் இல்லாமல் இருப்பது. சமச்சீர் என்பது பட்டைகள் நேராகச் சந்திப்பது. ஒளி திரும்பி வருகிறதா என்ற கேள்விக்கு இரண்டும் விடை சொல்வதில்லை. மிக அழகாக மெருகேற்றப்பட்டு, மிகச் சமச்சீராக அமைந்து, அதே சமயம் நடுவில் செத்துக் கிடக்கும் கற்களை நான் எத்தனையோ முறை கையில் பிடித்திருக்கிறேன்.

அமெரிக்காவின் ஏஜிஎஸ் ஆய்வகம் பிரின்சஸ் போன்ற சில வடிவங்களுக்கு ஒளியின் அடிப்படையில் வெட்டுத் தரம் வழங்கி வந்தது. அந்த ஆய்வகம் 2022 இறுதியில் மூடப்பட்டு, அதன் முறை ஜிஐஏ வசம் சென்றது. சில ஆய்வகங்கள் தங்களுக்கென்று ஓர் அளவுகோலை வைத்துக்கொண்டு மற்ற வடிவங்களுக்கும் தரம் எழுதுகின்றன. அதைப் பார்த்தால், எதை அளந்து அந்தத் தரம் தரப்பட்டது என்று கேளுங்கள். விழுக்காட்டு அளவுகளை மட்டும் வைத்துத் தரப்பட்டது என்றால் அதற்கு அதிக மதிப்புக் கொடுக்க வேண்டாம்.

அப்படியானால் சான்றிதழில் உள்ள ஆழம், டேபிள் விழுக்காடுகளால் பயனே இல்லையா?

கல்லை ஒதுக்குவதற்குப் பயன்படும், தேர்ந்தெடுப்பதற்குப் பயன்படாது. இதைச் சொல்லும்போது ஒரு நுணுக்கத்தையும் சொல்லியாக வேண்டும். வட்டக் கல்லில் ஆழத்தைச் சராசரி விட்டத்தால் வகுத்து விழுக்காடு எழுதுகிறார்கள். மற்ற வடிவங்களில் அகலத்தால், அதாவது இரண்டு பக்கங்களில் குறுகிய பக்கத்தால் வகுக்கிறார்கள். எனவே 62 விழுக்காடு ஆழம் என்ற ஒரே எண், வட்டத்தில் ஒரு பொருளையும் இரு முனையும் கூர்ந்த ஒல்லியான மார்க்கீஸில் வேறொரு பொருளையும் தரும். வட்டத்துக்கான அட்டவணையை மனப்பாடம் செய்துகொண்டு வந்து ஓவலில் பொருத்திப் பார்ப்பவர்கள் ஏமாறுவது இதனால்தான்.

முதல் சல்லடையாக நான் வைத்திருக்கும் வரம்புகளைச் சொல்கிறேன். ஓவல், பேர், மார்க்கீஸ் ஆகியவற்றில் ஆழம் ஏறத்தாழ 58 முதல் 64 விழுக்காடு வரை இருந்தால் கல்லை எடுத்துப் பார்க்கலாம். எமரால்ட் வடிவத்தில் 60 முதல் 68 வரை. பிரின்சஸ், குஷன், ரேடியன்ட் ஆகியவை இயல்பாகவே ஆழமானவை என்றாலும், 75-ஐத் தாண்டினால் எடையைக் கீழே ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். கர்டில் மிகத் தடிமன் என்று குறிப்பிட்டிருந்தாலும் இதே எச்சரிக்கை பொருந்தும். இந்த வரம்புகளுக்கு வெளியேயும் அழகான கற்கள் அரிதாகக் கிடைக்கும். வரம்புக்குள் இருக்கும் கற்களிலோ பாதிக்கு மேல் நான் திருப்பி அனுப்புகிறவைதான்.

ஓவல் கல்லின் நடுவில் கறுப்பாகத் தெரிவது என்ன?

ஆங்கிலேயர் கழுத்தில் கட்டும் போ டையின் முடிச்சைப் போல, நடுவில் ஒடுங்கி இரண்டு பக்கமும் விரிந்து, கல்லின் அகலவாட்டில் கிடக்கும் அந்த நிழலைத் தொழிலில் போ-டை என்றே அழைக்கிறோம். ஓவல், பேர், மார்க்கீஸ் என்ற நீளவாட்டு வடிவங்கள் மூன்றிலும் இது வரும்.

கல்லின் அடிமுனை ஒன்றே என்பதால், அதிலிருந்து நீளவாட்டில் செல்லும் பட்டைகள் தாழ்வாகவும் அகலவாட்டில் செல்லும் பட்டைகள் செங்குத்தாகவும் அமைந்தே தீரும். இந்தக் கோண மாற்றத்தின் நடுவே சில பட்டைகள் நேர் மேலேயிருந்து வரும் ஒளியையே திருப்பி அனுப்பும் நிலையில் மாட்டிக்கொள்கின்றன. நேர் மேலே இருப்பது விளக்கு அன்று; குனிந்து பார்க்கும் உங்கள் தலைதான். உங்கள் தலையின் நிழலையே கல் உங்களுக்குக் காட்டுகிறது. ஆகவே போ-டை அறவே இல்லாத நீளவாட்டுக் கல் என்பது ஏறக்குறைய இல்லை. ஓர் அளவான, சாம்பல் நிற நிழல் இருப்பதால் சுற்றியுள்ள பட்டைகள் இன்னும் பளிச்சென்று தெரியும் என்பதும் உண்மை. கல்லைச் சிறிது அசைத்தாலும் விலகாமல் கரி பூசியது போல் நிற்கும் நிழலையே குற்றமாகக் கொள்ள வேண்டும்.

இதை நான் பணம் கொடுத்துக் கற்றுக்கொண்டேன். தொழிலுக்கு வந்த புதிதில், உறவுக்காரப் பெண்ணின் நிச்சயதார்த்த மோதிரத்துக்காக 1.20 கேரட் ஓவல் ஒன்றை வெளியூர் வியாபாரியிடமிருந்து அறிக்கையையும் ஒரு புகைப்படத்தையும் மட்டும் பார்த்து வரவழைத்தேன். எண்கள் அத்தனையும் ஒழுங்காக இருந்தன. பதித்து முடித்த மோதிரத்தை அவள் விரலில் போட்டுக்கொண்டு, பந்தியில் இலைக்கு முன் அமர்ந்து கையை நீட்டியபோது, கல்லின் குறுக்கே ஒரு பட்டாம்பூச்சி கறுப்பாக ஒட்டிக்கொண்டிருந்தது. கையை எப்படித் திருப்பினாலும் அது போகவில்லை. அறிக்கையில் எந்தக் குறையும் இல்லை என்று சொல்லி வியாபாரி கல்லைத் திரும்ப எடுக்க மறுத்துவிட்டார். அவர் சொன்னதும் பொய்யில்லை. போ-டை பற்றி அறிக்கையில் ஒரு வரியும் இருக்காது. அன்று முதல் நீளவாட்டுக் கல்லை நேரில் அல்லது அசையும் காணொளியில் பார்க்காமல் நான் வாங்குவதில்லை.

கடையில் கல்லை எப்படிப் பார்த்துச் சோதிப்பது?

முதலில் கடையின் கண்ணாடிப் பெட்டிக்கு மேல் தொங்கும் விளக்குகளிலிருந்து விலகுங்கள். சின்னச் சின்னக் கூர்மையான விளக்குகள் பல சேர்ந்தால் எந்தக் கல்லும் டாலடிக்கும். நேர் வெயிலும் வேண்டாம். அதில் வண்ணச் சிதறல் அழகாகத் தெரிந்தாலும் கல்லின் உடல் இருண்டு போகும். வெயில் நேரடியாக விழாத சன்னல் ஓரமோ, சாதாரண டியூப் லைட் எரியும் அறையோதான் உண்மையைச் சொல்லும். நாம் நாள் முழுக்க இருக்கும் வெளிச்சமும் அதுதான்.

இயன்றவரை பதிக்காத கல்லைக் கேளுங்கள். கல்லைத் துடைத்துத் தரச் சொல்லுங்கள். வைரத்தில் எண்ணெய்ப் பசை எளிதாக ஒட்டும் என்பதால், பலர் தொட்ட கல் மங்கித்தான் இருக்கும். வெள்ளை அட்டையை நடுவில் மடித்து, அந்த மடிப்புப் பள்ளத்தில் கல்லை டேபிள் மேலே இருக்கும்படி வைத்து, ஒன்றேகால் சாண் தூரத்திலிருந்து, ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து பாருங்கள். பிறகு அட்டையை இரண்டு பக்கமும் சிறிது சாயுங்கள். ஒளியும் நிழலும் கல் முழுவதும் இடம் மாறிக்கொண்டே இருக்க வேண்டும். ஓரிடம் மட்டும் எந்தச் சாய்விலும் உயிர்பெறாமல் கிடந்தால், அங்கே ஒளி ஒழுகுகிறது என்று பொருள்.

அடுத்து, கல்லை இரண்டு விரல்களின் இடுக்கில் அடிப்பக்கம் மறையும்படி வைத்துப் பாருங்கள். நடுப்பகுதி வழியாக உங்கள் தோலின் நிறமும் ரேகையும் தெரிந்தால், அந்தக் கல்லில் சன்னல் விழுந்திருக்கிறது என்போம். வெள்ளை அட்டையின் மேல் பளிச்சென்று இருந்த கல், விரலிடுக்கில் வந்ததும் மங்கிப்போவதைப் பார்க்கும்போது வாங்குபவர்களின் முகம் மாறுவதை நான் கவனித்திருக்கிறேன். அட்டையின் வெள்ளைதான் அதுவரை கல்லின் வழியே தெரிந்துகொண்டிருந்தது.

லூப் வைத்துப் பார்ப்பதை இதற்கெல்லாம் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். 10 மடங்கு பெரிதாகக் காட்டும் அந்தக் கண்ணாடி தோஷம் பார்க்கவும், பட்டைகளின் சந்திப்பைப் பார்க்கவும் உதவும். ஒளியைப் பார்க்க வெறும் கண்ணே போதும். கடைசியாக, ஒரே எடையுள்ள இரண்டு மூன்று கற்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள். தனியாகப் பார்த்தால் எல்லாக் கல்லும் நன்றாகத்தான் இருக்கும்.

எமரால்ட், ஆஷர் வடிவங்களில் மினுமினுப்புக் குறைவாக இருக்கிறதே, அது வெட்டின் குறையா?

குறையன்று, அவற்றின் அழகே வேறு வகை. வட்டம், ஓவல் போன்றவற்றில் முக்கோணமும் பட்டமும் போன்ற சிறு பட்டைகள் நெருங்கி இருக்கும். எமரால்டிலும் ஆஷரிலும் குளத்துப் படிக்கட்டு போல நீண்ட பட்டைகள் ஒன்றன் கீழ் ஒன்றாக இணையாக இறங்கும். தண்ணீர் தெளிந்த கோயில் குளத்தின் கரையில் நின்று படிகளைப் பார்ப்பது போன்ற ஆழம் அந்தக் கல்லில் தெரிய வேண்டும். கல் அசையும்போது ஒரு படி முழுவதும் ஒரே வீச்சில் வெளுக்கும், அடுத்த படி கறுக்கும், பிறகு இரண்டும் இடம் மாறும். இந்த மாற்றம் அகலமாகவும் தெளிவாகவும் நிகழ்ந்தால் வெட்டு நன்றாக இருக்கிறது என்று பொருள். பழையவர்கள் நீரோட்டம் என்று சொல்வது இந்த வடிவத்தில்தான் எனக்கு நன்றாக விளங்குகிறது.

படிக்கட்டு வெட்டில் பிழையை மறைக்க இடமே இல்லை. படிகளின் கோடுகள் கர்டிலுக்கு இணையாக ஓடுகின்றனவா, நான்கு மூலைகளும் ஒரே அகலத்தில் வெட்டப்பட்டிருக்கின்றனவா, அடியில் நீளக் கோடாக முடியும் விளிம்பு சரியாக நடுவில் இருக்கிறதா என்று பாருங்கள். கோடு ஒரு மயிரிழை சாய்ந்தாலும் கண் கண்டுபிடித்துவிடும். தட்டையாக வெட்டியிருந்தால் நடுவில் பெரிய சன்னல் விழும். இந்த வடிவத்தில் அதிகம் காணப்படும் குற்றம் இதுதான். டேபிள் அகன்று கிரவுன் தாழ்ந்திருந்தாலும் கல் செத்துப் போகும். பெரிய திறந்த பட்டைகள் என்பதால் உள்ளே இருக்கும் தோஷம் நேராகத் தெரியும். எனவே இவற்றில் தூய்மையில் ஒரு படி மேலே செல்வது நல்லது.

ஆஷர் வடிவத்தை ஜோசப் ஆஷர் 1902-இல் ஆம்ஸ்டர்டாமில் உருவாக்கினார். உயர்ந்த கிரவுன், சிறிய டேபிள், அகலமாகச் சீவிய மூலைகள் ஆகியவை அதன் அடையாளம். மேலிருந்து பார்த்தால் சதுரத்துக்குள் சதுரமாக நடுப்புள்ளி வரை கோலம் போட்டதுபோல் இறங்க வேண்டும். ஆஷர் என்ற பெயரில் விற்கப்படும் பல கற்களில் டேபிள் அகன்று, மூலைகள் குறுகி, அந்தக் கோலம் கலைந்திருக்கும்.

பிரின்சஸ் வாங்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

இயற்கையில் கிடைக்கும் எட்டு முக வைரப் படிகம், அடியோடு அடி ஒட்டிய இரண்டு பிரமிடுகள் போல இருக்கும். அதை நடுவில் அறுத்தால் இரண்டு பிரின்சஸ் கற்கள் அதிகச் சேதாரமில்லாமல் வந்துவிடும். எடை மிஞ்சும் என்பதால் இந்த வடிவம் தீட்டுபவருக்கு இலாபமானது. எடையை இன்னும் கொஞ்சம் மிச்சப்படுத்தும் ஆசையில் கல்லை ஆழமாகவும் டேபிளை அகலமாகவும் விட்டுவிடுவதும் இதில்தான் அதிகம். ஆழத்தைவிட டேபிள் விழுக்காடு பெரிதாக இருக்கும் பிரின்சஸில் கிரவுன் பெரும்பாலும் தட்டையாகவே இருக்கும். வண்ணச் சிதறல் அதில் வராது. பக்கவாட்டில் பார்த்து, டேபிளுக்கும் கர்டிலுக்கும் இடையே கண்ணுக்குத் தெரியும் உயரம் இருக்கிறதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். கிரவுன் உயரம் 10 விழுக்காட்டுக்கு மேல் இருப்பதை நான் விரும்புகிறேன்.

நான்கு மூலைகளும் கூரானவை. வைரம் எளிதில் கீறல் விழாத பொருள் என்றாலும் அடிபட்டால் பிளவுபடும். மூலை மிக மெலிந்திருக்கும் கல்லைப் பதிக்கும்போதே முனை சிதறக்கூடும். ஏற்கெனவே பதித்த நகையாக இருந்தால், மூலையை வி வடிவக் கவ்வி முழுவதுமாக மூடியிருக்கிறதா என்று லூப்பில் பாருங்கள்.

குஷன், ரேடியன்ட் கற்கள் ஒன்றுக்கொன்று இவ்வளவு வேறாக இருப்பது ஏன்?

குஷன் என்ற ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு தோற்றங்கள் விற்கப்படுகின்றன. ஒன்றில் பெரிய பட்டைகள் தெளிவாகத் தெரிந்து, ஒளி பெரிய துண்டுகளாக வரும். மற்றொன்றில் ஐஸ் கட்டியை நொறுக்கிக் கொட்டியதுபோல் பொடிப் பொடியாக மினுங்கும். இது எந்தத் தோற்றம் என்று அறிக்கை உறுதியாகச் சொல்வதில்லை. நேரில் பார்த்தே தெரிந்துகொள்ள வேண்டும். நொறுங்கிய ஐஸ் தோற்றம் தன்னளவில் குற்றமில்லை. விளிம்பைச் சுற்றி மட்டும் மினுங்கி நடுவில் சேறு போல் கலங்கிக் கிடந்தால் ஒதுக்குங்கள். என் விருப்பத்தைக் கேட்டால் பெரிய பட்டைகள் கொண்ட குஷனைத்தான் சொல்வேன். மாலை விளக்கில் அதன் வண்ணச் சிதறலுக்கு ஈடில்லை.

ரேடியன்டை ஹென்றி கிராஸ்பார்ட் 1977-இல் உருவாக்கினார். வெளிக்கோடு எமரால்ட் போல, உள்ளே பட்டைகள் வட்டக் கல்லைப் போல. நிறத்தைக் கூட்டிக் காட்டும் தன்மை இதற்கு உண்டு என்பதால் மஞ்சள் வைரங்களைப் பெரும்பாலும் இதில் வெட்டுகிறார்கள். வெள்ளைக் கல் வாங்குபவர் அதே காரணத்துக்காக நிறத்தில் ஒரு படி கூடுதலாகப் பார்க்க வேண்டும்.

பேர், மார்க்கீஸ், ஹார்ட் வடிவங்களில்?

போ-டை பற்றி மேலே சொன்னது இவற்றுக்கும் பொருந்தும். அதற்கு மேல் வெளிக்கோட்டைப் பாருங்கள். பேர் கல்லின் முனையிலிருந்து வட்ட அடியின் நடுவுக்கு மனத்தில் ஒரு கோடு போட்டால் இரண்டு பாதிகளும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். தோள் ஒரு பக்கம் உயர்ந்து மறுபக்கம் தாழ்ந்திருப்பது அடிக்கடி காணப்படும் குறை. மார்க்கீஸில் இரண்டு முனைகளும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். ஹார்ட் கல்லில் நடுப்பிளவு ஆழமாக இருக்க வேண்டும். அரை கேரட்டுக்குக் கீழே கவ்விகள் வந்ததும் இதய வடிவமே தெரியாமல் போய்விடும் என்பதால் சிறிய அளவில் அதை நான் பரிந்துரைப்பதில்லை.

நீள அகல விகிதம் எவ்வளவு இருக்க வேண்டும்?

இது பெரும்பாலும் கண்ணுக்குப் பிடித்ததைப் பொறுத்தது. ஓவலில் 1.35 முதல் 1.50 வரை, பேரில் 1.50 முதல் 1.70 வரை, மார்க்கீஸில் 1.80 முதல் 2.10 வரை, எமரால்டில் 1.30 முதல் 1.50 வரை பலருக்குப் பிடிக்கிறது. விகிதத்தை வெட்டின் தரம் என்று சொல்லி விற்றால் நம்ப வேண்டாம். நீளம் கூடக் கூடப் போ-டை கறுக்கும் வாய்ப்புக் கூடும் என்பது மட்டும் நினைவில் இருக்கட்டும்.

ஒரே எடையுள்ள கல் ஒன்று பெரிதாகவும் மற்றொன்று சிறிதாகவும் தெரிவது எப்படி?

எடை எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. நன்றாக வெட்டிய 1 கேரட் வட்டக் கல் 6.4 முதல் 6.5 மில்லிமீட்டர் விட்டம் கொண்டிருக்கும். அடியில் ஆழத்தையும் இடுப்பில் தடிமனையும் விட்டு வெட்டியிருந்தால் அதே 1 கேரட் 6.2 மில்லிமீட்டராகச் சுருங்கும். பரப்பில் பார்த்தால் 6.5-க்கும் 6.2-க்கும் உள்ள இடைவெளி ஏறத்தாழ 9 விழுக்காடு. கொடுத்த பணத்தில் அந்தப் பங்கு கண்ணுக்குத் தெரியாத இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. 1 கேரட் பிரின்சஸ் சுமார் 5.5 மில்லிமீட்டர் சதுரமாகவும், ஓவல் சுமார் 7.7-க்கு 5.7 ஆகவும் இருப்பது இயல்பு.

1.00, 1.50 போன்ற முழு எண்களில் கேரட் விலை தாவுவதால், தீட்டுபவர்கள் அந்த எண்ணைத் தொடுவதற்காகக் கல்லைத் தடிமனாக விடுவதுண்டு. நன்றாக வெட்டிய 96 சென்ட் (0.96 கேரட்) கல், மோசமாக வெட்டிய 1 கேரட்டைவிடப் பெரிதாகத் தெரிந்து விலையும் குறைவாக இருக்கும். அதற்காக, மிகத் தட்டையாக வெட்டி அகலமாகக் காட்டும் கல்லையும் நாட வேண்டாம். அதில் ஒளி நிற்காது.

தோடு, மூக்குத்திக்கும் இவ்வளவு பார்க்க வேண்டுமா?

ஒற்றைக்கல் தோட்டுக்குப் பார்க்க வேண்டும். கூடவே ஜோடியும் பார்க்க வேண்டும். இரண்டு கற்களின் மில்லிமீட்டர் அளவு பொருந்தினால் மட்டும் போதாது. ஒன்றில் போ-டை கறுத்தும் மற்றொன்றில் வெளுத்தும் இருந்தால் முகத்தில் உடனே தெரியும். எதிரில் நிற்பவர் காதைத் தலைக்கு மேலிருந்து பார்ப்பதில்லை, சில அடி தொலைவிலிருந்து பார்க்கிறார் என்பதால் தலை நிழலின் தொல்லை தோட்டில் சற்றுக் குறைவு. ஏழுகல் தோட்டிலும் மூக்குத்தியிலும் வரும் சிறு கற்கள் பெரும்பாலும் வட்டமே. அங்கே கற்கள் ஒரே அளவாகவும் ஒரே வெளுப்பாகவும் இருப்பதுதான் முக்கியம்.

பின்புறம் அடைத்துப் பதித்த நகையில் கல்லின் ஆழத்தையும் கர்டிலையும் பார்க்க முடியாது. அப்படிப் பதிக்கக் கொடுப்பதாக இருந்தால் கல்லைத் தனியாகப் பார்த்து முடிவு செய்த பிறகு கொடுங்கள்.

பாட்டியின் வைரத்தோட்டை இக்கால வெட்டுக்கு மாற்றித் தீட்டலாமா?

அவசரப்படாதீர்கள் என்பதே என் வேண்டுகோள். பழைய கற்களில் டேபிள் சிறிதாகவும் கிரவுன் உயரமாகவும் இருக்கும். அடிமுனை சிறிய பட்டையாகத் தீட்டப்பட்டிருப்பதால் நடுவில் சின்ன வட்டம் தெரியும். பலர் அதை ஓட்டை என்று நினைத்துப் பயப்படுகிறார்கள். அந்தக் கற்கள் விளக்கு வெளிச்சத்தில் பெரிய வண்ணத் துண்டுகளாக ஒளிரும்படி வெட்டப்பட்டவை. மறுபடி தீட்டினால் எடை கணிசமாகக் குறையும். பழைய தோற்றமும் திரும்பி வராது. முனை உடைந்திருந்தாலோ ஆழமான சிதைவு இருந்தாலோ மட்டும் யோசியுங்கள்.

இதையொட்டி இன்னொன்று: நம் வீடுகளில் புளூ ஜாகர் என்று பெருமையாகச் சொல்வது, தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்ஃபான்டைன் சுரங்கத்தின் பெயரால் வந்த சொல். அது இலேசான நீலச் சாயல் கொண்ட வெண்மையைக் குறிக்கிறது. வெட்டைப் பற்றி எதையும் சொல்வதில்லை.

ஆய்வகத்தில் வளர்த்த வைரத்துக்கும் இதே அளவுகோலா?

ஆம், அப்படியே. அதுவும் வைரமே என்பதால் ஒளிவிலகலும் கோணங்களும் ஒன்றே. மூலக்கல் மலிவானது என்பதால் எடைக்காக வெட்டைக் கெடுக்க வேண்டிய தேவை அங்கே குறைவு. ஆகவே அதில் சுமாரான வெட்டை ஏற்றுக்கொள்ள எந்தக் காரணமும் இல்லை.

இணையத்தில் வாங்கினால் காணொளியை நம்பலாமா?

நிலைப்படத்தைவிடக் காணொளி எவ்வளவோ மேல். இருந்தாலும் சுழலும் மேடையில் எடுக்கப்படும் காணொளிகளில் சுற்றிலும் வெள்ளை விளக்கு இருக்கும். சன்னல் விழுந்த இடமும் அதில் வெளுப்பாகத் தெரியலாம். சாதாரண அறையில், கையில் பிடித்துக் கைப்பேசியில் எடுத்த காணொளி ஒன்றைக் கேளுங்கள். தர முடியுமானால், ஒளி எங்கிருந்து வருகிறது என்பதை நிறங்களால் காட்டும் ஏசெட் (ASET) படமும் கேளுங்கள். அதில் சிவப்பு நிறம் உயரத்திலிருந்து வரும் வலுவான ஒளியையும், பச்சை பக்கவாட்டிலிருந்து வரும் ஒளியையும், நீலம் பார்ப்பவரின் தலை மறைக்கும் பகுதியையும், வெள்ளை அல்லது கறுப்பு ஒழுகிப்போகும் ஒளியையும் காட்டும். சிவப்பு பரவலாகவும், நீலம் சிதறியும், ஒழுகல் குறைவாகவும் இருக்க வேண்டும். ஓவலின் நடுவில் நீலம் திரண்டு நின்றால் அதுதான் போ-டை.

பணம் கட்டுவதற்கு முன், திருப்பித் தரும் உரிமையை எத்தனை நாட்களுக்கு, எந்தக் காரணமும் சொல்லாமல் தருகிறார்கள் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கல் வந்த அன்றே அறிக்கை எண்ணைக் கர்டிலில் பொறித்த எண்ணோடு லூப்பில் ஒப்பிட்டுவிட்டு, சன்னல் ஓரத்துக்கு எடுத்துச் சென்று, விரலிடுக்கில் வைத்துப் பாருங்கள். திருப்பி அனுப்பும் கெடு முடியும் வரை பதிக்கக் கொடுக்க வேண்டாம். பதித்த கல்லைப் பெரும்பாலான வியாபாரிகள் திரும்ப வாங்கிக்கொள்வதில்லை.